நீலி அழுதது பொய்யா?

காளவாசல் என்றால் சூளை. அந்தப் பேரைச் சுமக்கும் மதுரைச் சந்திப்பில் நள்ளிரவிலும் இருட்டு இல்லை. மேலே பாலம், கீழே தேனிப் பேருந்துகள், பைபாஸில் திரும்பும் லாரிகள். இங்கே நின்று பேய்க்கதை சொன்னால் சின்னப் பிள்ளைகூடப் பயப்படாது. ஆனால் கிழக்கே மீனாட்சியம்மன் கோயில் வரை போய்ப் பாருங்கள். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டதாகக் கதைப்பாடல் சொல்லும் மதுரை வீரன், கீழைக் கோபுர வாசலில் சாமியாக நிற்கிறான். வெட்டிய ஊரே அவனைக் கும்பிடுகிறது.

ஐரோப்பியர் ‘கோதிக்’ என்று அழைக்கும் திகில் இலக்கியத்தின் அடிநாதமும் இப்படி வெட்டியவரை விடாத பழிதான் என்பது என் எண்ணம். அந்த வகையின் முதல் நாவலாகச் சொல்லப்படுவது 1764இல் ஹொரேஸ் வால்போல் எழுதிய ‘ஒட்ரான்டோ கோட்டை’. கல்யாண நாளன்று ராட்சசத் தலைக்கவசம் ஒன்று விழுந்து மாப்பிள்ளை நசுங்கிச் சாகிறான். காரணம், அவன் தந்தையின் பாட்டனார் அந்தக் கோட்டையை உரியவரிடமிருந்து அபகரித்தவர். பாழடைந்த மாளிகை, சுரங்கவழி, நிலவொளி எல்லாம் மேற்பூச்சு. தீராத பழியொன்று கதவைத் தட்டுகிறது, அவ்வளவே.

நமக்குக் கோட்டை தேவைப்படவில்லை. சுடுகாடும் ஊர்ச்சபையும் போதுமாயிருந்தன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டத்தில் பேயைக் கண்ட சார்ங்கலன் என்ற சிறுவன் வீட்டுக்கு ஓடிவந்து, தாயிடம் சொல்லிவிட்டு உயிர்விடுகிறான். சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை இன்னும் கொடுமை: கோவலன் கொலைக்குப் பின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவ, வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டு விழா எடுத்தானாம். ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சனைக்கு ஆயிரம் பேர்! பழி தீர்ப்பதிலும் அநீதி நுழையும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

எல்லாவற்றிலும் என்னை உலுக்குவது பழையனூர் நீலி. திருவாலங்காட்டுப் பதிகத்தில் சம்பந்தரே குறிப்பிடும் பழங்கதை. பரவலாகச் சொல்லப்படும் வடிவில், கணவனால் கொல்லப்பட்டவள் பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தொடர்கிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் ஏந்திப் பழையனூர் வேளாளர் சபையில் அழுகிறாள். “இவர் என் புருஷன், என்னைக் கைவிடப் பார்க்கிறார்.” வணிகன் நடுங்குகிறான். அவனுக்கு ஆபத்து வந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம் என்று எழுபது பேர் வாக்குக் கொடுத்து, அவளோடு தங்கச் சொல்கிறார்கள். விடிவதற்குள் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

வாக்குத் தவறாதவர்களைக் கொண்டாடுகிறோம்; சரி. நீலியிடமிருந்து மொழி எடுத்துக்கொண்டது ‘நீலிக்கண்ணீர்’ என்ற வசவை மட்டும். முதலில் நடந்த கொலை யார் நாவிலும் இல்லை. உயிரோடிருந்தபோது எந்தச் சபையும் அவள் வழக்கைக் கேட்கவில்லை. செத்த பிறகும் பொய் சொன்னால்தான் கேட்டது.

புதுமைப்பித்தன் ‘காஞ்சனை’ சிறுகதையில் பேயைப் படித்தவர் வீட்டு அடுக்களைக்கே கூட்டிவந்தார். மேரி ஷெல்லியின் ‘பிராங்கன்ஸ்டைன்’ நாவலைப் ‘பிரேத மனிதன்’ என்று தமிழாக்கியவரும் அவரே. 2011இல் வந்த ‘காஞ்சனா’ படத்திலோ, நிலத்துக்காகக் கொல்லப்பட்ட திருநங்கை நியாயம் கேட்டு வருகிறாள். திரையரங்கில் சிரித்துக்கொண்டே பார்த்த கூட்டம் அவள் கதை விரிந்தபோது அவள் பக்கம் சாய்ந்தது. நீலிக்குக் கிடைக்காத சபை அது.

அடுத்த முறை ஒரு பெண்ணின் அழுகையை நீலிக்கண்ணீர் என்று சொல்ல வாயெடுக்கும்போது, அவளை முதலில் கொன்றது யார் என்று ஒரு தடவை கேளுங்கள்.