பைக் டயருக்குள் இத்தனை சங்கதியா? மரக்காணம் போகும் முன் படிங்க!

ஈ.சி.ஆரில் வழுவழு தார். கடல் பக்கம் இறங்கினால் பொலபொல மணல். உப்பளம் பக்கம் ஒதுங்கினால் காலை வாரும் சேறு. மூன்றும் சில கிலோமீட்டருக்குள்! ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் மாதிரி தாரிலும் மண்ணிலும் ஓடும் வண்டிக்கு இங்கே எந்த டயர் சரி?

● டயரின் சொந்த நிறம் கறுப்பு இல்லை, தெரியுமா? ரப்பர் பால் வெள்ளை! கார்பன் பிளாக் என்னும் கரித்தூளைக் கலப்பதால்தான் கறுப்பு. சீக்கிரம் தேயாமல் காப்பதும் அதே கரிதான்!

● டயரில் ஒரு ஜாதகமே எழுதியிருக்கிறது! '90/90-21 54எஸ்' என்றால் அகலம் 90 மி.மீ., பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 90 சதவீதம், ரிம் 21 அங்குலம். 54 என்பது 212 கிலோ சுமை. 'எஸ்' என்பது மணிக்கு 180 கி.மீ. வேகம்!

● டயருக்கும் பிறந்த நாள் உண்டு! பக்கச்சுவரில் '2224' என்றிருந்தால், 2024ஆம் ஆண்டின் 22ஆவது வாரம் பிறந்தது. "புது ஸ்டாக் சார்" என்று கடைக்காரர் சொன்னாலும் குனிந்து ஒருமுறை பாருங்கள்!

● பட்டன் டயர் சேற்றில் ராஜா, தாரில்? அதன் ரப்பர் கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம் என்பதால், சுழலச் சுழலச் சேறு உதறிப் போய்விடும். ஆனால் தாரில் அந்தக் கட்டைகள் மட்டுமே தரையைத் தொடும். பிடி குறையும், இரைச்சல் கூடும், சீக்கிரம் மொட்டையாகும். மழைத் தாரில் பிரேக் பிடிக்கும்போது ஜாக்கிரதை!

● மணலில் காற்றைக் குறைத்தால் வண்டி புதையாது! டயர் அகன்று பரவி மிதக்கும். ஆனால் ஓவராகக் குறைத்தால் ரிம்மில் டயர் வழுக்கும். கூடவே ட்யூபும் நகர்ந்து வால்வு பிய்ந்துவிடும். நேராக நிற்கவேண்டிய வால்வு சாய்ந்திருக்கிறதா? அதுதான் எச்சரிக்கை மணி! தாருக்கு ஏறும் முன் மறக்காமல் காற்றடியுங்கள்; காற்று குறைந்த டயர் வேகத்தில் சூடேறிவிடும்.

● உப்பு டயரைத் தின்னாது, இரும்பைத் தின்னும்! ஸ்போக் ரிம்மைச் சேரும் நிப்பிளைச் சுற்றி முதலில் வெள்ளைப் பொடி பூக்கும், அப்புறம் செந்துரு. அன்று மாலையே நல்ல தண்ணீரில் கழுவி, செயினுக்கு எண்ணெய் விடுங்கள்.

● உப்பள வரப்பு பைக் பாதை இல்லை! வரப்பு இடிந்தால் பாத்தியில் கட்டிய உப்புநீர் ஓடிப்போகும். தொழிலாளியின் உழைப்பும் அதோடு போச்சு. பக்கத்திலுள்ள கழுவெளி ஈரநிலம் 2021 முதல் பறவைகள் சரணாலயம். அங்கேயும் சாகசம் வேண்டாம்!

● ஸ்டெப்னி யோசனை சங்க காலத்திலேயே உண்டு! உப்பு விற்ற உமணர்கள் வண்டிக்கு அடியில் உபரி அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு போனதை, புறநானூற்று 102ஆம் பாடலில் ஔவையார் சொல்கிறார். நீங்கள் ஒரு ட்யூபும் கைப்பம்பும் எடுத்துப்போகக் கூடாதா?

● டயரின் பெரிய சாம்ராஜ்யம் நம்ம ஊரில்தான்! எம்.ஆர்.எஃப். 1946இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்து ஆரம்பித்த கம்பெனி! யூரோகிரிப் டயர் போடும் டிவிஎஸ் ஸ்ரீசக்ராவோ மதுரைக்காரர்!

● கடைசியாக, எதை வாங்குவது? '80/20' என்றால் 80 பங்கு தாருக்கு, 20 பங்கு மண்ணுக்கு. '50/50' என்றால் சரிபாதி. சென்னையிலிருந்து மரக்காணம் சுமார் 120 கி.மீ., அத்தனையும் தார்! ஆகவே 80/20 தாராளம். டயரைத் தாருக்குப் பார்த்து வாங்குங்கள். மண்ணுக்கு வேகத்தைக் குறையுங்கள்!