39 நாள் சிப்பாய்கள்

வெள்ளிக்கிழமை வரை லாரி ஓட்டுவார், பள்ளியில் பாடம் நடத்துவார், கடையில் கணக்குப் பார்ப்பார். சனிக்கிழமை காலை சீருடை அணிந்து அணிவகுப்பில் நிற்பார். அமெரிக்காவின் நேஷனல் கார்டு படை இப்படிப்பட்டவர்களால் ஆனது. மாதம் ஒரு வார இறுதி, வருடம் 15 நாள் முகாம். மொத்தம் 39 நாள். இந்தியாவில் நம்மிடமும் இதே வழியில் டெரிட்டோரியல் ஆர்மி இருக்கிறது.

அமெரிக்கச் சிப்பாயின் 39 நாளுக்குள் துப்பாக்கிப் பயிற்சி, முதலுதவி, வாகனப் பராமரிப்பு எல்லாம் அடங்கவேண்டும். கூடவே இணையப் பாதுகாப்பு, பாலியல் துன்புறுத்தல் தடுப்பு என்று மேலிடம் விதிக்கும் கட்டாயப் பாடங்கள். அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரியின் லியனார்டு வாங் 2002-இல் ஒரு கணக்குப் பார்த்தார். ஒரு கம்பெனிப் படைப்பிரிவின் தளபதிக்கு ஆண்டில் பயிற்சிக்குக் கிடைக்கும் நாள் 256. விதிக்கப்பட்ட பயிற்சிக்குத் தேவையான நாள் 297. இது அன்றைய முழுநேரப் படையின் நிலைமை. பகுதிநேரப் படையின் நெருக்கடியைச் சொல்லவே வேண்டாம்.

அதனால்தான் கணினி கைகொடுக்கும் என்று நம்பினார்கள். வீட்டில் உட்கார்ந்து பாடம் படித்து, கேள்விகளுக்குப் பதில் சொல்லி, சான்றிதழை அச்சிட்டுக்கொள்ளலாம். நடந்தது என்ன? வாங், ஸ்டீபன் கெராஸ் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வில் ஓர் அதிகாரி விவரிக்கிறார்: குழுவிலேயே கெட்டிக்காரனான ஒருவனை உட்காரவைத்து, மற்றவர்கள் பெயரில் ஒன்பது முறை அவனையே பாடத்தை முடிக்கச் சொல்வார்களாம். ஒன்பது சான்றிதழும் கைக்கு வந்துவிடும். மற்றவர்கள் ஒரு வரிகூடப் படித்திருக்கமாட்டார்கள்.

இதற்குக் கணினியைக் குறைசொல்வது நியாயமில்லை. இணையவழிப் பயிற்சியை வகுப்பறையோடு ஒப்பிட்ட 96 ஆய்வுகளை ஆய்வாளர் சிட்ஸ்மன் குழுவினர் 2006-இல் தொகுத்துப் பார்த்தார்கள். தகவல்களைக் கற்பதில் இணையவழிப் பயிற்சி வகுப்பறையைவிடச் சராசரியாக 6 சதவீதம் மேல். கற்பிக்கும் முறை ஒன்றாக இருந்தால் இரண்டுக்கும் வித்தியாசமே இல்லை. ஆக, விதிமுறை, சட்டம், வரைபடக் குறியீடு போன்றவற்றைத் திரையில் தாராளமாகப் படிக்கலாம்.

ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கே பட்டையின் கதை வேறு. காயத்துக்கு மேலே பட்டையைச் சுற்றி இழுக்கவேண்டும். குச்சியை ரத்தம் நிற்கும்வரை முறுக்கி, கொக்கியில் மாட்டி, நேரத்தை எழுதவேண்டும். காணொளியில் பார்த்தால் வெகு சுலபம். இருட்டில், கையுறையோடு, அடிபட்டது தன் வலது கையே என்றால் இடக்கையால் முறுக்கிப் பார்த்தால்தான் தெரியும் அது எவ்வளவு கடினம் என்று. பட்டை தளர்வாக இருப்பதைக் கண்டு, "இன்னும் இரண்டு சுற்று" என்று பக்கத்தில் நிற்கும் பயிற்றுநரால்தான் சொல்லமுடியும். இதய இயக்க மீட்பு முதலுதவி (சிபிஆர்) போன்ற திறமைகள் சில மாதங்களிலேயே மங்கத் தொடங்கிவிடும். மாதத்தில் இரண்டே நாள் கூடுகிறவர்களுக்கு இது பெரிய ஆபத்து.

எனவே படிப்பதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, சனிக்கிழமையைக் கைப்பழக்கத்துக்கு ஒதுக்குவதே சரி. வீட்டில் படிக்கும் நேரமும் உழைப்புதான். அதற்கும் சம்பளம் தரவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பு மேலிடம் விதிக்கும் கட்டாயங்களின் பட்டியலைச் சுருக்கவேண்டும். 2018-இல் அமெரிக்காவின் அன்றைய ராணுவச் செயலர் மார்க் எஸ்பர் அந்த வேலையைத் தொடங்கினார். சிப்பாய்கள் பயணத்துக்கு முன் நிரப்பவேண்டியிருந்த இணையவழி ஆபத்து மதிப்பீட்டுப் படிவம் அப்போது கைவிடப்பட்டவற்றில் ஒன்று.