நாலரை பாகையில் துருவம்

வானத்தைப் படமெடுக்க உதவும் டிராக்கரை வாங்கினால், எந்தக் கம்பெனித் தயாரிப்பாக இருந்தாலும், கையேடு முதலில் செய்யச் சொல்வது ஒன்றைத்தான்: துருவ நட்சத்திரத்தைத் தேடிப் பிடித்து, கருவியிலுள்ள சின்னக் குழாயின் நடுவட்டத்துக்குள் கொண்டுவாருங்கள். கேமரன் மலையின் வடக்குப் பகுதியில், கோலா தெர்லாவில் நின்றுகொண்டு அதைச் செய்யப் போனால் குழாயில் பெரும்பாலும் எதிர்மலைக் காடுதான் தெரியும். ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ நாலரை பாகையில் இருக்கிறது. நாம் எத்தனை பாகை அட்சரேகையில் நிற்கிறோமோ அத்தனை பாகை உயரத்தில்தான் வானத்தின் துருவமும் நிற்கும். கையை நீட்டி மூன்று விரலைச் சேர்த்துப் பிடித்தால் மறைகிற உயரம் அது. மலை மறைக்காத இடைவெளி ஒன்று கிடைத்தாலும் நிலைமை பெரிதாக மாறாது. அவ்வளவு தாழ்விலிருந்து வரும் ஒளி, தலைக்கு நேர் மேலே இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வரவேண்டும். பள்ளத்தாக்கில் பனிமூட்டம் இறங்கிவிட்டால் துருவ நட்சத்திரத்தை மறந்துவிடலாம்.

துருவம் எதற்கு என்றால், பூமி நிற்காமல் சுற்றுவதால். 23 மணி 56 நிமிடம் 4 விநாடியில் ஒரு சுற்று. ஒரு பாகையை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுக்கு வில்விநாடி என்று பெயர். வானம் விநாடிக்குப் பதினைந்து வில்விநாடி நகர்கிறது. 200 மில்லிமீட்டர் லென்ஸும் 4 மைக்ரான் பிக்சலும் உள்ள சாதாரண கேமராவில் ஒரு பிக்சல் வானத்தில் சுமார் நாலு வில்விநாடியை அடைக்கும். ஆகவே முக்காலியில் அசையாமல் நிற்கும் கேமராவில் ஒரு நட்சத்திரம் ஏறக்குறைய கால் விநாடியில் அடுத்த பிக்சலுக்குப் போய்விடும். இரண்டு நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்தால் நிலாவின் அகலத்துக்குக் கோடு விழும். டிராக்கரின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்து, அதே வேகத்தில் எதிர்த்திசையில் கேமராவைத் திருப்பிக்கொண்டே இருந்தால் நட்சத்திரம் புள்ளியாகவே நிற்கும். அந்த இணையைப் பிடிக்கத்தான் துருவம் வேண்டியிருக்கிறது.

இது 140 ஆண்டுக்கு மேல் பழைய வித்தை. ஓரியன் நெபுலாவின் முதல் புகைப்படத்தை 1880 செப்டம்பர் 30 அன்று எடுத்த ஹென்றி டிரேப்பர், மருத்துவம் படித்த அமெரிக்கர். 51 நிமிடம் ஒளியூட்டி எடுத்தார். 1883இல் அதைவிடப் பலமடங்கு தெளிவான படத்தை எடுத்த ஆண்ட்ரூ காமன், லண்டனுக்கு மேற்கே ஈலிங்கில் வசித்த சுகாதாரப் பொறியாளர். வானப் புகைப்படம் தொடக்கத்திலேயே அமெச்சூர்களின் கையில்தான் வளர்ந்தது.

ஆயிரக்கணக்கான ரிங்கிட் போட்டு டிராக்கர் வாங்க மனமில்லாதவர்களுக்கு 1975இல் ஜார்ஜ் ஹேக் எழுதிக் காட்டிய வழி இன்னும் செல்லும். இரண்டு பலகையை ஒரு கதவுக்கீலால் இணைக்க வேண்டும். கீலிலிருந்து 228.5 மில்லிமீட்டர் தள்ளி, ஒரு மில்லிமீட்டர் மரை இடைவெளி உள்ள ஆறு மில்லிமீட்டர் போல்ட்டைக் கீழ்ப்பலகை வழியாக ஏற்ற வேண்டும். போல்ட்டை நிமிடத்துக்கு ஒரு சுற்றுத் திருகினால் மேல்பலகை வானத்தின் வேகத்தில் எழும்பும். கைக்கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்துக்கொண்டே கையால் திருகலாம். அகல லென்ஸுக்குப் பத்து நிமிடம் வரை தாராளமாகத் தாங்கும். இங்கே அதில் ஒரு மாற்றம் மட்டும்: ஐரோப்பியப் படங்களில் சாய்வாக நிற்கும் அந்தக் கீல், நாலரை பாகையில் ஏறக்குறைய தரைக்கு இணையாகப் படுத்துவிடும். கடையில் வாங்கிய பெரிய மவுண்ட்டுகளுக்கும் இதே கதிதான். சிலவற்றின் சாய்வுத் திருகு இவ்வளவு கீழே இறங்காது. இறங்கினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும்.

துருவ நட்சத்திரம் இல்லாமல் எப்படி? சாய்வுக்குக் கைப்பேசியே போதும். மட்டம் பார்க்கும் செயலியை அச்சின் மேல் வைத்து 4.5 காட்டும் வரை திருகலாம். திசைக்குத் திசைகாட்டி. தீபகற்ப மலேசியாவில் காந்த வடக்கும் மெய்யான வடக்கும் ஏறக்குறைய ஒட்டியே இருப்பதால், பல நாடுகளில் கூட்டிக் கழிக்க வேண்டிய கணக்கு இங்கே தேவையில்லை. முக்காலியின் இரும்பிலிருந்தும் காரிலிருந்தும் தள்ளி நின்று பார்த்தால் சரி.

மேலும் நுணுக்கம் வேண்டுமானால் நட்சத்திரத்தையே சாட்சிக்குக் கூப்பிடலாம். தெற்கே உயரத்தில், வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் உள்ள நட்சத்திரம் ஒன்றைப் பார்த்து ஷட்டரைத் திறந்து, டிராக்கரை வேகமாக ஒரு பக்கம் அரை நிமிடம், மறுபக்கம் அரை நிமிடம் ஓட்ட வேண்டும். அச்சு வடக்கிலிருந்து விலகியிருந்தால் போன கோடும் வந்த கோடும் பிரிந்து, சாய்த்துப் போட்ட கூர்முனையாகப் படத்தில் விழும். அடித்தட்டை இம்மியளவு திருப்பி மறுபடி எடுத்தால் முனை ஒடுங்கும். இரண்டு கோடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் வரை இதைச் செய்யலாம். கிழக்கில் தாழ இருக்கும் நட்சத்திரத்தைக் கொண்டு இதையே செய்தால் சாய்வின் பிழை தெரியும். மடிக்கணினி கொண்டுபோகிறவர்களுக்கு ‘நினா’ போன்ற இலவச மென்பொருள், வானத்தின் எந்தப் பகுதியிலும் மூன்று படம் எடுத்து இந்த வேலையை முடித்துத் தந்துவிடும்.

திசைகாட்டியோடு நிறுத்திக்கொண்டால் என்ன நஷ்டம் என்று கணக்குப் போடலாம். அச்சு அரை பாகை பிசகியிருந்தால் இரண்டு நிமிடப் படத்தில் அதிகபட்சம் பதினாறு வில்விநாடி இழுக்கும். மேலே சொன்ன லென்ஸில் நாலு பிக்சல். முப்பது விநாடியாகக் குறைத்தால் ஒரே பிக்சல். முப்பது விநாடிப் படங்களை அறுபது எடுத்து, சிரில் போன்ற மென்பொருளில் அடுக்கினால் அரை மணி நேர ஒளி சேர்ந்துவிடும். ஒரு தனிப் படத்தோடு ஒப்பிட்டால், இரைச்சலுக்கு எதிரே ஒளியின் பங்கு எட்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடும். ஒரே நீண்ட படத்துக்கு அலைவதைவிட இதுதான் இந்த மலைக்கு ஏற்றது என்பேன். இடையில் மேகம் வந்தால் நாலு படம் மட்டுமே போகும். மேகம் வராத ராத்திரி இங்கே அபூர்வம்.

புதிதாக வருகிறவர்கள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. டிராக்கரில் வட, தென் அரைக்கோளத்துக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். தென்சிலுவையைப் படமெடுக்கப் போகிறோமே என்று அதைத் தெற்குக்கு மாற்றினால் கருவி எதிர்ப்பக்கம் ஓடி, இழுவை இரட்டிப்பாகும். அச்சு எந்தத் துருவத்தைப் பார்க்கிறது என்பதுதான் சுவிட்சுக்குக் கணக்கு. கேமரா எந்தப் பக்கம் பார்த்தாலும் அதற்குக் கவலையில்லை.

துருவத்தைத் தாழ்த்திய அதே நாலரை பாகைதான் தென்வானத்தை உயர்த்திக் கொடுக்கிறது. ஜவ்வாது மலைக் காவலூரில், பன்னிரண்டரை பாகையில், வானியலாளர் வேணு பாப்பு ஆய்வகம் அமைத்து 1968இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு வேலையைத் தொடங்கியபோது, தென்வானம் எட்டும் என்பதும் அந்த இடத் தேர்வுக்கு ஒரு காரணம். ஆனாலும் பெரிய மேகெல்லன் மேகம் என்ற அண்டை விண்மீன் மண்டலம் காவலூரில் எட்டு பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. கோலா தெர்லாவில் கிட்டத்தட்ட பதினாறு பாகை. சப்தரிஷி மண்டலமும் கிடைக்கும், தென்சிலுவையும் கிடைக்கும். திருவாதிரையும் ஓரியனின் இடைக்கச்சும் உச்சந்தலைக்குப் பக்கத்தில் போகும். லண்டனில் ஜூன் மாதம் முழு இருட்டே வருவதில்லை. இங்கே ஆண்டு முழுவதும் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் இருட்டு உத்தரவாதம்.

உத்தரவாதம் சூரியனைப் பொறுத்தவரைதான். பூக்காரர்களைப் பொறுத்தவரை இல்லை. கேமரன் மலையில் ராத்திரி வண்டியில் வருகிறவர்கள், சரிவுகளில் பிளாஸ்டிக் கூடாரங்கள் உள்ளிருந்து ஒளிர்வதைப் பார்த்திருப்பார்கள். அவற்றில் பெரும்பங்கு செவ்வந்தி. இரவு நீண்டால் மொட்டு வைக்கிற செடி அது. இந்த அட்சரேகையில் எந்த மாதமும் பகல் பன்னிரண்டு மணியை ஒட்டியே நிற்பதால், சும்மா விட்டால் குட்டையாக இருக்கும்போதே மொட்டு விட்டுவிடும். கொத்துப் பூவுக்கு நீளத் தண்டு கிடைக்காது. அதனால் நட்ட முதல் சில வாரங்கள் நடுராத்திரியில் விளக்குப் போட்டு இரவை இரண்டாகப் பிளக்கிறார்கள். தண்டு வளர்ந்ததும் விளக்கை அணைப்பார்கள், மொட்டு வரும். ஆகவே எந்தச் சரிவு ஒளிரும், எது இருண்டிருக்கும் என்பது நடவைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். நம் தொல்லைக்கும் அவர்கள் செலவுக்கும் காரணம் அதே அட்சரேகைதான். யாரையும் குறை சொல்வதற்கில்லை.

லென்ஸில் மாட்டும் வடிகட்டிகள் இந்த விளக்கொளிக்கு முழு மருந்தில்லை. நெபுலாக்களின் ஹைட்ரஜன் 656 நானோமீட்டர் சிவப்பில் ஒளிர்கிறது. அந்த நிறத்தை மட்டும் விடும் வடிகட்டி வெள்ளை விளக்கின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். ஆனால் இரவா பகலா என்று செடிக்குச் சொல்லும் பைட்டோகுரோம் என்ற நிறமி அதிகமாக உறிஞ்சுவது 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உலகெங்கும் தோட்டக்காரர்கள் அந்தச் சிவப்பு எல்இடிக்கு மாறிவருகிறார்கள். ஓரியன் நெபுலாவுக்கும் செவ்வந்திக்கும் இடையே நாலு நானோமீட்டர்! எல்இடியின் ஒளி அதைவிட அகலமாகப் பரவும்.

தேயிலைக்கு இந்தச் சிக்கல் இல்லை. ராத்திரியில் விளக்குக் கேட்காத பயிர். இடுப்பளவு உயரத்தில் வெட்டி நிறுத்திய செடிக்கு மேல் வானம் திறந்தே கிடக்கும். இந்த மலையில் கேமராவை நிறுத்தத் தேயிலைச் சரிவைவிட நல்ல இடம் இல்லை. பனித்துளிக்கு மட்டும் ஏற்பாடு வேண்டும்: யுஎஸ்பி மின்சாரத்தில் சூடேறும் பட்டை ஒன்றை லென்ஸின் கழுத்தில் சுற்றாவிட்டால் கண்ணாடி சீக்கிரமே வியர்த்துவிடும்.

அக்டோபர், நவம்பர் மழையில் கருவியை வெளியே எடுக்க வேண்டாம். பால்வீதியின் நடுப்பகுதிக்கு ஜூலை நள்ளிரவு. மேகெல்லன் மேகத்துக்குப் பிப்ரவரித் தொடக்கம், அமாவாசையை ஒட்டிய நாட்கள். அப்போது இரவு பத்து மணிக்குச் சற்று முன் அது நேர் தெற்கில் உச்சிக்கு வரும், நள்ளிரவு தாண்டும் வரை பத்து பாகைக்கு மேலேயே இருக்கும். தெற்கே பிரிஞ்சாங் மலைத்தொடர் மறைக்காத சரிவாகப் பார்த்து, பகலிலேயே தோட்ட நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிவைப்பது நல்லது. இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு வரும் காவலாளிக்கு மேகெல்லன் மேகத்தைக் காட்டிச் சமாளிப்பது கஷ்டம்.