ஒடியல் மாவும் ஆய்வுகூட எலிகளும்

தை மாதத்தில் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் சந்தைப் பக்கம் போகிறவர்களுக்கு ஒடியலையும் புழுக்கொடியலையும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்துக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பின்னதைத் தேங்காய்ச் சொட்டோடு அப்படியே கடிக்கலாம். முன்னதை இடித்து, அரித்து, மாவாக்கித்தான் கூழுக்கும் பிட்டுக்கும் எடுப்போம். நெருப்புக் கண்டதா இல்லையா என்ற இந்த வித்தியாசம், பல்கலைக்கழகங்களில் பல ஆண்டு ஆராய்ச்சிக்குப் பொருளானது.

பேராதனையில் நுண்ணுயிரியலாளர் எஸ். என். அர்சகுலரத்னவும் கூட்டாளிகளும் பனை மாவை எலிகளுக்குத் தீனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். எலிகளுக்கு ஈரல் கெட்டது. 1971இல் பிரித்தானிய ஆய்விதழொன்றில் முடிவு வெளியானது. 1980இல் இங்கிலாந்தில் கிரெய்க் குழுவினர் மறுபடி சோதித்தபோது, மாவு எலிகளின் நரம்பு மண்டலத்தையும் தாக்குவது தெரிந்தது. அந்த நச்சுப்பொருளை ஓரளவு பிரித்தும் எடுத்தார்கள்.

வடக்கின் சாப்பாட்டுக்கு இது நல்ல பெயர் வாங்கித் தரும் செய்தியல்ல. ஆனால் எலி தின்றது பச்சை மாவு, அதுவும் அன்றாடத் தீனியாக. நாம் எப்போதாவது ஒரு பிளாவில் குடிக்கும் கூழ் வேறு. இந்த இடைவெளியைத் தொட்டவர்கள் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகத்து உயிர்வேதியியலாளர் ஈ. ஆர். ஜான்ஸின் குழுவினர். பனம்பழத்தின் கசப்பையும் ஆராய்ந்தவர்கள் இவர்கள். 2004இல் வெளியான கட்டுரையில் நரம்பு நச்சை மீண்டும் ஆராய்ந்து, மாவைச் சூடாக்கினால் அந்த விளைவு போய்விடுகிறது என்று காட்டினார்கள்.

இனி அடுப்படிக்கு வருவோம். கூழ் காய்ச்சுகிறவர் மாவை நேரே பானையில் கொட்டமாட்டார். தண்ணீரில் ஊறவைத்து, மா அடியில் படிந்ததும் மேலே தெளிந்த நீரை ஊற்றிவிடுவார். கசப்புப் போகட்டும் என்பார். பிறகு மரவள்ளி, பலாக்கொட்டை, பயற்றங்காய், நண்டு, இறால் எல்லாம் வெந்த பானையில் கரைத்த மாவை விட்டுக் கொதிக்கவைப்பார். பிட்டென்றால் ஊறிய மாவைப் பிழிந்து நீத்துப்பெட்டியில் அவிப்பார். கொதியோ ஆவியோ, சூடு நிச்சயம்.

இப்படிப்பட்ட பக்குவம் குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவில் பாடம் இருக்கிறது. கசப்பு மரவள்ளியில் சயனைட்டைத் தரும் பொருள் உண்டு. நாள்கணக்கில் ஊறவைத்தால் அது நீங்கும். 1981இல் மொசாம்பிக்கின் வரட்சியில் அதற்குப் பொறுமையோ வேறு சாப்பாடோ இருக்கவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும், கால்கள் விறைத்து நடக்க முடியாமற் போனார்கள். கொன்சோ என்ற இந்த நோய்க்கு மீட்சியில்லை. கொங்கோவில் இதே நோய்க்குப் பஞ்சம் காரணமாகவில்லை, வியாபாரம்தான் காரணமானது. தலைநகருக்குப் பாதை வந்து மரவள்ளிக்குக் கிராக்கி ஏறியதும், மூன்று நாள் ஊறவேண்டிய கிழங்கை ஒரே நாளில் எடுத்துவிட்டார்கள்.

ஒடியல் கூழால் மனிதருக்கு அப்படியொரு நோய் வந்ததென்று யாரும் காட்டியதில்லை. கூழை ஒதுக்குங்கள் என்று நான் சொல்லவும் இல்லை. என் கவலை பைக்கற் மாவைப் பற்றியது. கொழும்பிலும் ரொறன்ரோவிலும் அதை வாங்குகிற பிள்ளைக்கு ஊறவைத்து நீரை ஊற்றச் சொல்ல அம்மம்மா பக்கத்தில் இல்லை. பைக்கற்றின் பின்பக்கம் இரண்டு வரி அச்சடிக்க அதிகம் செலவாகாது: ஊறவைத்து நீரை ஊற்றவும், நன்றாகக் கொதிக்கவைக்கவும்.