உடம்பில் 5 கிலோ குறைந்தால் முழங்காலில் 20 கிலோ பாரம் இறங்கும்

பஸ் படிக்கட்டில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்துத் திணறுவது, தரையில் உட்கார்ந்தால் எழுப்பி விட ஆள் தேடுவது... 60 வயதைத் தாண்டிய பலருக்கு இது தினசரி அவஸ்தை. 'வயசாயிடுச்சு, அப்படித்தான்' என்று மெடிக்கலில் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். மாத்திரை வலியைத்தான் அமுக்கும். டாக்டரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றுப்புண், கிட்னி கோளாறு என்று புதுச் செலவு வந்து சேரும்.

லாரி லோடு கணக்கு

முழங்காலில் எலும்புகள் உரசாமல் இருக்க நடுவே மெத்தை போல குருத்தெலும்பு உள்ளது. அது தேய்வதுதான் மூட்டு தேய்மானம். தேய்ந்ததை பழையபடி வளர வைக்கும் மருந்து இதுவரை வரவில்லை. ஆனால் மூட்டின் மேல் விழும் பாரத்தைக் குறைக்கலாம்.

அமெரிக்காவில் குண்டான மூட்டு வலி நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2005-ல் வெளியானது. உடல் எடையில் 1 கிலோ குறைந்தால், எடுத்து வைக்கும் ஒவ்வொரு அடியிலும் முழங்காலில் 4 கிலோ அழுத்தம் குறைகிறது என்று அதில் தெரியவந்தது. அப்படியானால் 5 கிலோவுக்கு 20 கிலோ. ரேஷன் கடைக்கு ஆயிரம் அடி நடந்தால் ஒரு காலுக்கு 500 அடி. கூட்டினால் 10 டன். ஒரு லாரி லோடு!

2013-ல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வில் 55 வயதைக் கடந்த 454 பேர் இடம்பெற்றனர். 18 மாதம் சாப்பாட்டைக் குறைத்து, உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு எடை 11 சதவீதம் இறங்கியது. வலி ஏறக்குறைய பாதியானது.

பட்டினி கூடாது

இதைப் படித்துவிட்டு முதியவர்கள் பட்டினி கிடக்கக் கூடாது. கொழுப்போடு தசையும் கரைந்து, கால் இன்னும் பலவீனமாகிவிடும். சோற்றில் ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காய், பயறு, முட்டை சேர்க்கலாம். டீக்கடையில் சர்க்கரை, வடை இரண்டுக்கும் கை நீளாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. சுகர், பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குவது நல்லது.

'வலிக்குதே, எப்படி நடக்கிறது?' என்பது நியாயமான கேள்விதான். அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காலை நேராக நீட்டி 5 நொடி வைத்திருந்து இறக்கலாம். காலுக்கு 10 தடவை. தொடைத் தசை வலுத்தால் முழங்காலுக்கு அது தாங்குகோல். கொஞ்சம் பழகியதும் சமதரையில் 10 நிமிடம் நடக்க ஆரம்பிக்கலாம். சம்மணம் போடுவதையும் குத்துக்காலிடுவதையும் குறைக்க வேண்டும்.

முழங்கால் திடீரென வீங்கி, சிவந்து, காய்ச்சலும் அடித்தால் அதை தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.