வேரின் தோலில் ஒரு வரிசைக் கணக்கு

சித்தையன்கோட்டையில் எந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியைத் திறந்தாலும் கடுகு இருக்கும். அதில் பத்துக் கடுகை எடுத்து ஈரத்துணியில் வைத்து மூடுங்கள். இரண்டு மூன்று நாட்களில் முளைத்துவிடும். வேரை உருப்பெருக்குக் கண்ணாடி வழியே பாருங்கள். வெண்பஞ்சு போன்ற இழைகள் தெரிகின்றன அல்லவா? அவையே வேர்த்தூவிகள். மண்ணிலுள்ள நீரையும் பாஸ்பேட் போன்ற உப்புகளையும் உறிஞ்சுவதில் இவற்றுக்குப் பெரும் பங்குண்டு. மழை குறைந்த திண்டுக்கல் சமவெளியில் இது சிறிய செய்தியன்று.

ஒவ்வொரு தூவியும் மேல்தோலிலுள்ள ஒரே ஓர் உயிரணுவின் நீட்சி. ஆனால் எல்லா அணுக்களும் தூவி விடுவதில்லை. கடுகின் உறவான அராபிடாப்சிஸ் என்னும் சிறு செடியை நுண்ணோக்கியில் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரியும். மேல்தோலுக்கு அடியில் 8 வரிசைப் புறணி அணுக்கள் உள்ளன. இரண்டு புறணி அணுக்கள் சேரும் இடுக்கின்மேல் அமர்ந்த அணு தூவி விடும். ஒரே புறணி அணுவின்மேல் அமர்ந்தது பெரும்பாலும் விடாது. கண்ணும் மூளையும் இல்லாத அணு தன் இடத்தை எப்படி அறிகிறது?

இத்தகைய வினாவைக் கணிதத்தால் அணுகலாம் என்று 1952-இல் காட்டியவர் ஆலன் டூரிங். இவருடைய தாயார் சாரா, கோவையை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். வேதிப்பொருள்கள் பரவிக்கொண்டே வினைபுரிந்தால், சீரான பரப்பிலும் தாமாகவே கோலங்கள் தோன்றக்கூடும் என்றார் டூரிங்.

நாமும் ஒரு சிறு கணக்குப் போடுவோம். அடுத்தடுத்த இரண்டு அணுக்களில் ஒரு பொருள் 51, 49 என்ற அளவில் இருக்கட்டும். ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில் பாதியைப் பெரியதோடு கூட்டி, சிறியதிலிருந்து கழியுங்கள். 52, 48, 54, 46, 58, 42, 66, 34, ஐந்தாம் முறையில் 82, 18! இம்மியளவு வேற்றுமை மலையாகிவிட்டது. 50, 50 என்று தொடங்கினால்? எத்தனை முறை போட்டாலும் மாறாது. ஆகவே, தொடக்கத்தில் ஒரு சிறு வேற்றுமை வேண்டும். வேரில் அதைத் தருவது அடியிலுள்ள புறணியிலிருந்து வரும் குறிப்பு.

உண்மையான வேரில் நடப்பது என்ன? வேர்உல்ஃப் என்ற புரதம் ஓங்கிய அணு தூவி விடாது. அது காப்ரிஸ் என்ற மற்றொரு புரதத்தை உண்டாக்க, காப்ரிஸ் பக்கத்து அணுவுக்குள் சென்று வேர்உல்ஃபின் வேலையைத் தடுக்கிறது. பக்கத்து அணு தூவி விடுகிறது. இத்துடன், வேர்உல்ஃப் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது என்ற கருத்தும் நிலவியது. கேட்பதற்குப் பொருத்தமாகவே இருந்தது.

நடாஷா சாவேஜ், நிக்கோலஸ் மங்க் முதலியோர் 2008-இல் இதைச் சமன்பாடுகளாக்கிக் கணிப்பொறியிடம் கொடுத்தனர். வந்த விடை செடிகளில் கண்டதோடு முழுமையாகப் பொருந்தவில்லை. பிறகு செடியிலேயே சோதித்தார்கள். வேர்உல்ஃப் தன்னைப் பெருக்கிக்கொள்ளவில்லை என்பது உறுதியாயிற்று! மாறாக, தூவி விடும் அணுவில் உண்டாகும் கிளாப்ரா-3 என்ற புரதம் பக்கத்து அணுவுக்குச் சென்று வேர்உல்ஃபுக்குத் துணைநிற்கிறது என்று கொண்டபோது கணக்குப் பொருந்தியது. ஓர் அணு காப்ரிஸை அனுப்புகிறது. மற்றது கிளாப்ரா-3-ஐத் தருகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில்தான் இரண்டும் தத்தம் நிலையில் உறுதிப்படுகின்றன.

பொருத்தமாகத் தோன்றும் கருத்தையும் உரைத்துப் பார்க்கும் உரைகல்லே கணித மாதிரி. இயற்பியலும் கணிதமும் படிப்பவர்களுக்குச் செடியின் வேரிலும் வேலை உண்டு என்பதை மறவாதீர்கள். அந்தக் கடுகு வேரைப் பள்ளி நுண்ணோக்கியில் வைத்து, தூவி விட்ட அணுக்கள் நெடுவரிசையில் நிற்கின்றனவா என்று பாருங்கள்.