அரிதாளைக் கொளுத்துவதும் காற்றுக் கெடுவதும்

பஞ்சாப், ஹரியானா இராஜ்யங்களில் ஐப்பசி மாதத்தில் நெல் அறுவடை முடிந்ததும், ஆயிரக்கணக்கான வயல்களில் அரிதாளுக்கு நெருப்பிடப்படுகிறது. அப்புகை வடமேற்குக் காற்றோடு சென்று, டில்லி நகரத்தின் மீதும் கங்கைச் சமவெளியின் மீதும் கவிகின்றது. இவ்வழக்கத்தைக் குடியானவரின் அறியாமையென்று தள்ளிவிடுதல் நியாயமாகாது. நாட்களின் நெருக்கடியே இதற்கு முக்கிய காரணமாகும்.

நெருக்கடி நேர்ந்த விதம்

அப்பிரதேசங்களில் நெல்லையடுத்துக் கோதுமை பயிராகின்றது. நிலத்தடி நீர் குறைந்துகொண்டே வந்தமையால், 2009-ம் வருஷத்தில் பஞ்சாப் சர்க்கார் ஒரு சட்டமியற்றி, ஜூன் 10-ந் தேதிக்கு முன் நாற்று நடலாகாதென்று விதித்தனர். ஹரியானாவிலும் அவ்வருஷமே இதையொத்த சட்டம் வந்தது. நோக்கம் நல்லதே, ஆயினும் நடவு தள்ளிப்போகவே அறுவடையும் தள்ளிப்போயிற்று. நவம்பர் மத்தியைக் கடந்து விதைத்தால் கோதுமை மகசூல் குறையும். ஆகவே இடையில் எஞ்சுவது இரண்டு மூன்று வாரங்களே. கம்பைன் என்னும் அறுவடை இயந்திரமோ கதிரைக் கொண்டு, தாளை நிற்கவிட்டு, வைக்கோலை வயலிலேயே உதிர்த்துச் செல்கின்றது. அங்கே கோதுமை வைக்கோலே விரும்பப்படும் தீவனமாதலால், நெல் வைக்கோலுக்குக் கிராக்கி குறைவு. கூலி கொடுத்து வாருவதைவிடத் தீக்குச்சி மலிவாயிருக்கின்றது.

புகையின் தீமை

இப்புகையில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த நுண்துகள்கள் மிகுதி. இவை தலைமயிரின் பருமனில் இருபதிலொரு பங்குகூட இரா; நுரையீரலின் அடிவரை சென்று சுவாச நோய்களையும் இருதய நோய்களையும் வளர்க்கின்றன. இவற்றை முதலில் சுவாசிப்பவர்கள் வயலையடுத்த கிராமத்துக் குழந்தைகளும் முதியோருமே. அப்பருவத்தில் காற்று மந்தமாயும் குளிர்ந்தும் நிற்பதால் புகை மேலெழும்பிக் கலைவதில்லை. டில்லியின் காற்றை வாகனங்களும் ஆலைகளும் புழுதியும் வருஷமுழுதும் கெடுக்கின்றன. ஆயினும் நவம்பர் மாதத்தில் சில நாட்களில் நுண்துகளில் மூன்றிலொரு பங்குக்கு மேல் வயற்புகையைச் சேர்ந்ததென்று கணக்கிடப்பட்டுள்ளது.

நிலத்துக்கு நஷ்டம்

ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் 5.5 கிலோ தழைச்சத்தும், 2.3 கிலோ மணிச்சத்தும், 25 கிலோ சாம்பல்சத்தும், 400 கிலோ கரிச்சத்தும் உண்டு. கொளுத்தினால் தழைச்சத்தும் கரிச்சத்தும் பெரும்பாலும் காற்றோடு போய்விடும். மேல்மண்ணிலுள்ள நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் மடியும். விலைகொடுத்து வாங்கும் உரத்தைத் தம் கையாலேயே எரிப்பதற்கு இது ஒப்பாகும்.

செய்யத்தக்கவை

2015-ம் வருஷத்தில் தேசீயப் பசுமைத் தீர்ப்பாயம் எரிப்பதைத் தடை செய்தது. எனினும் அபராதம் மட்டும் நெருப்பை அணைக்கவில்லை. ஹாப்பி சீடர் என்னும் கருவி தாளை வெட்டி எடுத்து, கோதுமையை விதைத்து, அத்தாளையே மூடாக்காகப் பரப்புகின்றது. 2018-ம் வருஷ முதல் இத்தகைய கருவிகளுக்குத் தனி விவசாயிகளுக்குப் பாதி விலையும், கூட்டுறவுச் சங்கங்களுக்கு நூற்றுக்கு 80 பங்கும் மானியமாக அளிக்கப்பட்டன. ஆயினும் எல்லோருக்கும் ஒரே வாரத்தில் கருவி தேவைப்படுவதால், சிறு நிலக்காரருக்கு முறை வருவதற்குள் பருவம் கடந்துவிடுகின்றது.

ஆகையால் கருவி வாங்குவதைப்போலவே அதை ஊருக்குள் முறைப்படுத்துவதும் அவசியம். கிராம அதிகாரிகள் அறுவடைக்கு முன்பே வயல்வாரியாக ஜாபிதா தயாரித்து, சிறு நிலங்களுக்கு முதல் முறை கொடுக்கலாம். பெரிய நிலக்காரர் பி.ஆர். 126 போன்ற குறுகிய கால நெல்லை நட்டால் சில நாட்கள் மீதியாகும். அவ்வாறு கிடைக்கும் சில நாட்களே, நிலத்தையும் அயலாரின் மூச்சையும் ஒருங்கே காப்பவையாகும்.